கோல்டன் மைலுக்குப் பிறகு: சிங்கப்பூரில் மலிவான, நல்ல தாய்லாந்துச் சாப்பாட்டைத் தேடுவது

சிங்கப்பூருக்கு வருகிற நண்பர்களும், இங்கேயே பல வருஷமாக இருக்கிற சிலரும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நல்ல தாய்லாந்துச் சாப்பாடு, விலையும் கையைக் கடிக்காமல், எங்கே கிடைக்கும்? (‘தாய்ச் சாப்பாடு’ என்று எழுதினால் அம்மா கைச்சமையல் ஆகிவிடுகிறது. அதனால் நீட்டி முழக்கித் ‘தாய்லாந்து’ என்றே எழுதுகிறேன்.)

2023 மே மாதம் வரை இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், எந்தக் கடையில் தாய்லாந்துக்காரர்கள் அதிகமாக உட்கார்ந்திருக்கிறார்களோ அந்தக் கடை. இப்போது அந்தப் பதில் செல்லாது. பதிலுக்குப் பத்துக் கடைகளின் பெயரைப் பட்டியலாகக் கொடுக்கலாம்தான். ஆனால் கடை இடம் மாறும், சமையல்காரர் மாறுவார், ஒரு வருஷத்தில் பட்டியல் பழசாகிவிடும். அதைவிட, அந்தக் கட்டடத்தில் மட்டும் சாப்பாடு ஏன் அவ்வளவு நன்றாகவும் மலிவாகவும் இருந்தது என்று பார்த்தால், இனிமேல் எங்கே தேடுவது என்பது தானாகத் தெரியும். நான் கொஞ்ச காலமாகச் சேர்த்து வைத்த குறிப்புகள் இவை.

முதலில் கட்டடம். 1973-ல் கட்டி முடித்தது, 16 மாடி. கடலைப் பார்த்த பக்கம் படிப்படியாகச் சரிந்து இறங்கும், பார்த்தால் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கும். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று ஒரு குட்டி நகரத்தையே ஒரே கூரைக்குள் வைக்க நினைத்தார்கள் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள். தாய்லாந்துக்கும் அதற்கும் ஆரம்பத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் பஸ்ஸில் வந்தது. தென் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு, மலேசியா முழுவதையும் ராத்திரியோடு ராத்திரியாகக் கடந்து போகும் பஸ்கள் இங்கிருந்துதான் கிளம்பின.

1980-களிலும் 90-களிலும் சிங்கப்பூரின் கட்டுமான வேலைக்குத் தாய்லாந்திலிருந்து ஏராளமான ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இஸான் என்கிற வடகிழக்குப் பகுதிக்காரர்கள். வானம் பார்த்த பூமி, ஊரில் வேலை கிடையாது. நம் ராமநாதபுரம், புதுக்கோட்டை ஆட்கள் ஏன் இங்கே வந்தார்களோ அதே காரணம்தான். ஊருக்குப் போக பஸ், ஊருக்குப் பணம் அனுப்பக் கடை, ஊர்ப் பேச்சு, ஊர் பீர், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேறெங்கே போவார்கள்? தேக்காவில் ஞாயிறு சாயங்காலம் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே நம் ஆட்களுக்காக நாலு வெள்ளி, அஞ்சு வெள்ளிச் சாப்பாடு எப்படி உருவானதோ, அப்படியே இங்கே அவர்களுக்காக உருவானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தச் சாப்பாடு சிங்கப்பூர்க்காரர்களுக்காகச் சமைத்ததே இல்லை. நாள் சம்பளக்காரரிடம் அதிக விலை சொல்ல முடியாது. ருசியிலும் ஏமாற்ற முடியாது, அவர் அதைச் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டவர். மலிவும் தரமும் சேர்ந்து வருவதற்கு உலகத்திலேயே இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை: கையில் காசு குறைவு, நாக்கில் விவரம் அதிகம். இந்த இரண்டும் உள்ள வாடிக்கையாளர்கள் கூடுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

மீதிப் பாதி வாடகை. கோல்டன் மைல் அப்போது ஒரே முதலாளியின் மாலாக இருக்கவில்லை. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி உரிமையாளர், இங்கே ஸ்ட்ராட்டா என்பார்கள். நம் ஊர் அடுக்குமாடி ஃப்ளாட் மாதிரி, ஆனால் கடை. இப்படிப்பட்ட கட்டடங்களில் ‘இந்தக் கடை நம் மாலின் தோரணைக்கு ஒத்துவருமா’ என்று முடிவு செய்ய யாரும் இல்லை. கட்டடத்தைப் புதுப்பிக்கவும் உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ள வேண்டும், அதனால் சுலபத்தில் புதுப்பிக்க மாட்டார்கள். எஸ்கலேட்டர் நின்றுபோகும், ஒழுகும், வாடகை ஏறாது. 2006-ல் ஒரு நியமன எம்.பி. நாடாளுமன்றத்திலேயே இந்தக் கட்டடத்தை ‘செங்குத்தான சேரி’ என்று சொன்னார். அந்த அழுக்குதான் அந்தத் தட்டின் விலையைப் பிடித்து வைத்திருந்தது என்பது என் எண்ணம்.

புதிய மால்களில் நிலைமை நேர் எதிர். உரிமையாளர் ஒருவர், பெரும்பாலும் ஒரு முதலீட்டு நிறுவனம். அடிப்படை வாடகையோடு வியாபாரத்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வாடகையைக் கொடுக்க, கடைக்காரர் எல்லோருக்கும் பிடிக்கிற சாப்பாட்டைத்தான் போட முடியும். அதனால்தான் மால்களில் இருக்கிற தாய்லாந்து உணவகங்களின் மெனு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது: டாம் யாம், பச்சைக் கறி, பட் தாய், அன்னாசிப்பழச் சோறு, மாம்பழத்தோடு ஒட்டரிசி. இந்த ஒற்றுமையில் தாய்லாந்து அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. வெளிநாடுகளில் தாய்லாந்து உணவகங்களின் எண்ணிக்கையைக் கூட்ட 2002-ல் அவர்கள் ஒரு திட்டமே போட்டார்கள். சமையல்காரர்களுக்குப் பயிற்சி, கடை ஆரம்பிக்கக் கடன், கடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரிகள் வரைக்கும். சாப்பாடு வழியாக நாட்டைத் தெரியவைப்பது அவர்களுக்குப் புதிதும் கிடையாது. பட் தாய் என்கிற நூடுல்ஸையே இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிபுன் சொங்க்ராம் அரசுதான் தேசிய உணவாகப் பரப்பியது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கடையின் நிஜமான கைப்பக்குவத்தை அந்த மெனுவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

வாடிக்கையாளர், வாடகை, இரண்டையும் சொல்லியாச்சு. சமையல்காரர் யார்? இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் முழுக் கதையிலும் சுவாரசியமான பகுதி.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் யாரை எந்தத் துறைக்குக் கூட்டி வரலாம் என்பதற்குக் கறாரான விதி உண்டு. கட்டுமானத்துக்குத் தாய்லாந்துக்காரரைக் கூட்டி வரலாம், இந்தியரைக் கூட்டி வரலாம், பங்களாதேஷ்காரரைக் கூட்டி வரலாம். ஆனால் உணவகம் சேவைத் துறையில் வரும். அதற்கு மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா ஆட்கள் மட்டும்தான் என்று இருந்தது. அதாவது, ஒரு தாய்லாந்துக்காரர் இங்கே வந்து செங்கல் அடுக்கலாம், அந்தச் செங்கல் அடுக்குகிறவருக்குச் சோறு பொங்கிப்போட வொர்க் பெர்மிட்டில் வர முடியாமல் இருந்தது. பல வருஷம் இதுதான் நிலைமை. வேண்டுமென்றால் எஸ் பாஸில் கூட்டி வரலாம், ஆனால் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளமே 3,000 வெள்ளிக்கு மேல். ஏழு வெள்ளித் தட்டில் அதை எடுக்க முடியுமா?

அப்படியானால் மலிவான கடைகளில் சமைத்தது யார்? நான் பேசிப் பார்த்த வரைக்கும், பெரும்பாலும் பெண்கள். சிங்கப்பூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே குடியேறியவர்கள். வீட்டில் அம்மாவிடம் பழகிய சமையல், சமையல் பள்ளிப் பக்கமே போகாதவர்கள். அதனால்தான் அந்தக் கடைகளின் மெனு அந்தந்தப் பெண்ணின் சொந்த ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். பலகையில் டாம் யாமும் பச்சைக் கறியும் இருக்கும், அது நமக்கு. கீழே தாய் எழுத்தில் மட்டும் நாலு பெயர் எழுதி ஒட்டியிருக்கும், அது அவர்கள் ஆட்களுக்கு. அந்த நாலில்தான் விஷயமே.

இந்த விதி இப்போது இளகி வருகிறது. 2023 செப்டம்பரில் இந்திய உணவகங்களுக்கு இந்தியச் சமையல்காரர்களை வொர்க் பெர்மிட்டில் எடுக்க அனுமதி வந்தது, தேக்கா கடைக்காரர்கள் பல வருஷம் கேட்டது அது. 2025 செப்டம்பரில் மற்ற உணவகங்களுக்கும் சமையல்காரர் வேலையை அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள், குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம் என்ற நிபந்தனையோடு. தட்டில் இதன் விளைவு தெரியக் கொஞ்ச நாள் ஆகும். நான் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கோல்டன் மைல் என்னாச்சு? 2021-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. 2022-ல் ஒட்டுமொத்தமாக 70 கோடி வெள்ளிக்கு விற்றார்கள். 2023 மே மாதத்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டியதாயிற்று. கட்டடத்தை இடிக்க முடியாது, சட்டம் காப்பாற்றிவிட்டது. உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை. கான்கிரீட்டுக்கு இருக்கிற மரியாதை ஒட்டரிசிக்கு இல்லை என்று அப்போது ஒரு நண்பர் சொன்னார், கொஞ்சம் மிகைதான், ஆனாலும் மனதில் நின்றுவிட்டது.

கடைகள் நாலா பக்கமும் சிதறின. சில பக்கத்திலேயே இருக்கிற கோல்டன் மைல் டவருக்குப் போயின, அதுவும் பழைய ஸ்ட்ராட்டா கட்டடம்தான். தாய் சூப்பர்மார்க்கெட் காலாங் பக்கம் அப்பெரியா மாலுக்குப் போனது. சில மூடியே போயின. மற்றவை காபிக்கடைகளில் ஒரு ஸ்டாலாக ஒதுங்கின. இனி நாம் தேட வேண்டியது பெரும்பாலும் இந்தக் காபிக்கடை ஸ்டால்களை. வீவக பிளாக்குகளின் கீழே இருக்கிற காபிக்கடையில், பானம் விற்பது பெரும்பாலும் கடைக்காரர். மற்ற ஸ்டால்களை உள்வாடகைக்கு விடுவார். சேவைக் கட்டணம் கிடையாது, ஏசி கிடையாது. மாலில் போர்டில் 14 வெள்ளி என்று பார்த்து உட்கார்ந்தால், பத்து சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் ஒன்பது சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 16 வெள்ளி 79 காசு ஆகும். காபிக்கடையில் அதே தட்டு ஏழு, எட்டு வெள்ளி. மால் தட்டில் நீங்கள் கொடுக்கிற மிச்சப் பணம் குளிர்காற்றுக்கு.

ஹாக்கர் சென்டர்களில் தாய்லாந்துக் கடைகள் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஸ்டால் எடுக்கக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். உதவியாளருக்கும் அதே விதிதான் இருந்தது. 2025 தொடக்கத்திலிருந்து நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்பவர்களும் உதவியாளராகச் சேரலாம் என்று மாற்றினார்கள். வெளிநாட்டு மனைவிமார் பலர் இருப்பது அந்த அனுமதியில்தான். மேலே சொன்ன பெண்களை நினைத்துப் பாருங்க.

ஸ்டாலைப் பார்த்ததும் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கென்று சில அடையாளங்கள் வைத்திருக்கிறேன்.

மெனுவில் ஒட்டரிசி தனியாக, சாதத்துக்குப் பதிலாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். மாம்பழத்தோடு வருகிற இனிப்பு கணக்கில் வராது. இஸான்காரர்களுக்கு ஒட்டரிசிதான் சோறு. ஊறவைத்து, வேகவைக்காமல் ஆவியில் அவிப்பார்கள், கையால் சின்ன உருண்டையாக உருட்டித் தொட்டுச் சாப்பிடுவார்கள். அதைத் தினமும் அவிக்கிற கடைக்கு அதைக் கேட்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஒன்று போதும் எனக்கு.

அடுத்தது ஸோம் தாம், பப்பாளிக்காய்ச் சாலட். இதில் ‘தாம் தாய்’ என்பது வேர்க்கடலை போட்டு, கொஞ்சம் இனிப்பாக, எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி இருக்கும். ‘ப்ளா ரா’ போட்டது வேறு ஜாதி. ப்ளா ரா என்றால் உப்பும் அரிசித் தவிடும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த ஆற்றுமீன். வாசனை கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி தூக்கும். நீங்கள் அதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ‘ப்ளா ரா இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்க. கடைக்கார அம்மாவின் முகம் மலர்ந்தால் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். கூடவே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக உரலில் இடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். முன்கூட்டியே கலந்து டப்பாவில் வைத்திருந்தால் நடையைக் கட்டலாம்.

மூன்றாவது அடையாளம் நம் ஆட்களுக்கு ரொம்பச் சுலபம். பட் க்ரபாவ் என்று ஒன்று, பொடிப்பொடியாகக் கொத்திய இறைச்சியை மிளகாய், பூண்டோடு பெரிய தீயில் வதக்கி, சோற்றின் மேல் போட்டு, ஓரம் மொறுமொறுப்பாகப் பொரித்த முட்டையோடு தருவார்கள். தாய்லாந்தில் என்ன சாப்பிடுவது என்று தெரியாதபோது எல்லோரும் கேட்பது இதைத்தான். க்ரபாவ் என்றால் வேறொன்றுமில்லை, துளசி. நாம் மாடத்தில் வைத்துக் கும்பிடுகிற அதே இனம். துளசி சீக்கிரம் வாடிக் கறுத்துவிடும், தினம் வாங்கியாக வேண்டும். அதனால் நிறையக் கடைகள் அதற்குப் பதிலாகத் திருநீற்றுப் பச்சிலை இனத்தைச் சேர்ந்த, சோம்பு வாசனை அடிக்கிற ஹோரபா இலையைப் போட்டுவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கத் தனியாகப் பழக வேண்டும். நமக்குத் தட்டு மேசைக்கு வரும்போதே மூக்கு சொல்லிவிடும்: பெருமாள் கோவில் தீர்த்தத்தின் மணம் அடித்தால் அது அசல். சோம்பு அடித்தால் மாற்று. க்ரபாவில் வெங்காயம், கேரட் எல்லாம் கிடந்தால் கறியைக் குறைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். காராமணிக்காய் போடலாமா கூடாதா என்பதில் தாய்லாந்துக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதில் நான் தலையிடுவதாக இல்லை.

மேசையைப் பாருங்க. நூடுல்ஸ் விற்கிற கடையென்றால் நாலு கிண்ணம் இருக்க வேண்டும்: சர்க்கரை, வற்றல் மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் ஊறிய மீன் சாறு. தாய்லாந்தில் கடைசி ருசியை முடிவு செய்வது சாப்பிடுகிறவர்தான். சோற்றுக்குக் கரண்டியும் முட்கரண்டியும் தருவார்கள், சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு மட்டும். கறிச் சோற்றுக்குச் சாப்ஸ்டிக் வைத்தால் அந்தக் கடை வேறு யாருக்காகவோ நடக்கிறது.

முகாத்தா பற்றி ஒரு வார்த்தை. நடுவில் சுட்டுச் சுற்றிலும் சூப் கொதிக்கிற அந்தச் சட்டி நண்பர்களோடு போனால் ஜாலிதான். ஆனால் சமைப்பது நீங்கள். அதை வைத்துக் கடையின் சமையலை எடைபோட முடியாது. அதேபோல மலாய்க்காரர்கள் நடத்தும் டாம் யாம் கடைகள் தனி மரபு. அங்கே கிடைக்கிற ‘பாப்ரிக்’ தாய்லாந்தின் பட் ப்ரிக் என்ற மிளகாய் வதக்கலிலிருந்து வந்த பெயர். அதுவும் நல்ல சாப்பாடு, ஹலால் வேண்டுபவர்களுக்கு வசதி, ஆனால் இஸான் ருசியை அங்கே தேடாதீர்கள்.

தேடும் முறைக்கு வருகிறேன். மேப்பில் ஆங்கிலத்தில் தேடினால் மால் கடைகள்தான் முதலில் வரும். ஸோம் தாம், ப்ளா ரா போன்ற சொற்களைத் தாய் எழுத்தில் எங்கிருந்தாவது நகலெடுத்து, அதை வைத்துத் தேடுங்கள். தாய் மொழியில் எழுதப்பட்ட விமர்சனங்கள் இருக்கிற கடைகள் மேலே வரும். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், யார் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தாய் மளிகைக்கடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கல்லாவில் இருப்பவரிடம் ‘நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுறீங்க?’ என்று கேட்கலாம், எனக்கு இது இரண்டு முறை பலன் தந்திருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் போங்கள், அவர்கள் ஆட்கள் வருகிற நேரம். ஏப்ரலில் சொங்க்ரான் புத்தாண்டு சமயத்தில், புக்கிட் மேராவில் உள்ள வாட் ஆனந்த மேத்யாராமா போன்ற தாய் புத்த ஆலயங்களுக்கு அந்தச் சமூகமே வரும். நல்ல சமையல்காரர் யார் என்ற தகவல் அங்கே காற்றிலேயே இருக்கும்.

இதே கண்ணோடு பார்த்தால் சிங்கப்பூரின் மற்றப் பழைய ஸ்ட்ராட்டா கட்டடங்களும் புரியும். பர்மியச் சாப்பாட்டுக்குப் பெனின்சுலா பிளாசா, பிலிப்பீன்ஸ் சாப்பாட்டுக்கு லக்கி பிளாசா, இந்தோனேசியச் சாப்பாட்டுக்குச் சிட்டி பிளாசா. வெளியூர்களிலும் இதே கணக்குதான். ஹாங்காங்கில் பழைய விமான நிலையத்தை ஒட்டிய கவுலூன் சிட்டியின் பழைய கட்டடங்களுக்குக் கீழேதான் தாய்லாந்துக் கடைகள் கூடின, அங்கேயும் இப்போது மறுசீரமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் மட்டும் கொஞ்சம் மாறுதலாக, 1999-லேயே ஹாலிவுட்டின் கிழக்கே ஒரு பகுதிக்குத் ‘தாய் டவுன்’ என்று அதிகாரபூர்வமாகப் பெயரே கொடுத்துவிட்டார்கள்.

சைவ நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் கடைசியாக இது. ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் இறைச்சி போடமாட்டார்கள், மீன் சாறு போட்டுவிடுவார்கள், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. ‘ஜே’ என்று ஒரே எழுத்தில் சொல்லுங்க. பௌத்த நோன்புச் சைவம் அது, மீன் சாறும் கிடையாது, முட்டையும் கிடையாது. பூண்டு, வெங்காயமும் கிடையாது, நம் பாட்டிகளின் ஏகாதசிச் சமையல் மாதிரியேதான். பூண்டு வேண்டும் என்றால் ‘ஜே, ஆனா பூண்டு போடலாம்’ என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஒரு அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்புறம் எதுக்கு ஜே என்றார். ஆனாலும் கை நிறையப் பூண்டும் துளசியும் போட்டு டோஃபு வதக்கித் தந்தார், ஆறரை வெள்ளி.